முப்பத்தேழாம் எண் கால்

கும்மிடிப்பூண்டிக்கு எதற்கு வந்தீர்கள் என்று கேட்ட ஷேர் ஆட்டோக்காரரிடம், பெண்கள் போடும் தோல் பூட்ஸ் பார்க்க என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார்.

"போலீஸ்ல கீறீங்களா மேடம்?"

இல்லை, கடையில் வைத்து விற்க என்றேன்.

"இங்க எவன் வாங்குவான்? இந்த வெயில்ல செருப்பே தார்ல ஒட்டிக்குது."

விற்பது இங்கே அல்ல. டென்மார்க்கில் ஒரு துறைமுக ஊரில், இங்கெர் என்ற பெண்மணியின் காலணிக் கடையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அங்கே ஆண்டில் பாதி நாள் மழை, மீதி நாள் மழை வரப்போகும் வானம். எங்கள் கடையின் பூட்ஸ் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில்தான் தைக்கப்படுகிறது. போன குளிர்காலத்தில் விற்ற ஜோடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தோல் நன்றாகத்தான் இருந்தது, தையலும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்ததும் பாதத்தின் மேல்மேட்டில் வலி எடுக்கிறது என்றார்கள் எல்லோரும்.

"உனக்குத்தான் அந்த மொழி தெரியும். போய் உட்கார்ந்து, காலுக்குச் சுகமான, ஒழுங்காகச் செய்த ஒரே ஒரு பூட்ஸைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வா. இந்த வருடமும் திரும்பி வந்தால் நான் கடையை மூடிவிடுவேன்" என்றாள் இங்கெர். அவள் சொன்னால் செய்வாள். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வேறு கடையில் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் கும்பகோணத்துக்காரி. சென்னைக்கு வடக்கே வந்தது இதுதான் முதல் முறை. முதல் நாள் காலையிலேயே லாட்ஜுக்கு எதிரே இருந்த மெஸ்ஸில், "நாஷ்டா இன்னா வோணும்?" என்று கேட்ட அம்மாளிடம் என்ன பதில் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன். இட்லியும் வடகறியும் வந்தன. வடகறி காரமாக, நன்றாக இருந்தது. எதிர்ப் பலகையில் ஒடிசாக்கார இளைஞர்கள் இருவர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாளே எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். "அவன் சொல்றான், இந்த ஊரு சோறு வயித்துல நிக்கலையாம். இவன் சொல்றான், ஒரு வருசம் போனா வயிறே மறந்துடுமாம்." எனக்கு மறக்க மூன்று வருடம் ஆயிற்று. அதை அவர்களிடம் சொல்ல எனக்கு ஒடியா தெரியாது.

தொழிற்சாலை, இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பின்னால், புழுதியில் வெளுத்துப்போன ஒரு வேப்பமரத்துக்கு அருகில் இருந்தது. மேனேஜர் பாஸ்கர் வாசல்வரை வந்து அழைத்துப்போனார். தன்மையான மனிதர். மேசையில் ஆறு மாதிரிகளை வரிசையாக வைத்திருந்தார். எல்லாமே வெட்ஜ் வகை. குதிகால் தனியாக இராது, அடிப்பாகம் முழுவதும் ஒரே கட்டையாகப் பின்னால் உயர்ந்து முன்னால் சரியும். கல் பாவிய தெருவில் எங்கும் மாட்டிக்கொள்ளாது. உடம்பின் எடை குதிகாலில் மட்டும் இறங்காமல் பாதம் முழுக்கப் பரவும். நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பெண்கள் எங்கள் கடையில் கேட்டு வாங்குவது அதைத்தான்.

தேர்ந்தெடுக்க நான் கற்ற முறை எளியது. முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். அடிக்கட்டை டொக்கு டொக்கு என்றால் உள்ளே வெற்றுப் பிளாஸ்டிக். ஒன்று அப்படிப் போயிற்று. முன்பாதத்தை வளைத்துப் பார்க்க வேண்டும். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்காமல் நடுவில் மடங்கினால் பாதத்துக்குக் கேடு. இரண்டு அப்படிப் போயின. பிறகு உள்ளே கையை விட்டுத் தடவ வேண்டும். ஜிப் காலில் படாமல் உள்ளே ஒரு மடிப்பு இருக்கிறதா, உள்துணியா உள்தோலா, தையல் முண்டுகிறதா என்று விரல் சொல்லும். மூன்று மிஞ்சின. அதற்கு மேல் கையால் ஆகாது, கால்தான் சொல்ல வேண்டும்.

மாதிரி எப்போதும் முப்பத்தேழாம் எண்ணில் வரும். என் கால் முப்பத்தொன்பது.

"அதுக்குத்தான் நம்ம செலின் இருக்கு" என்றார் பாஸ்கர்.

செலினுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நீல மேலங்கி, கழுத்தில் சின்னச் சிலுவை. புதிதாக வரும் ஒவ்வொரு மாதிரியும் முதலில் அவள் காலில் ஏறும். அவள் நடந்து பார்த்து, எங்கே இடிக்கிறது என்று சொல்வாள். அதை வைத்துத்தான் மற்ற எண்களுக்கு அளவு எடுப்பார்கள். டென்மார்க்கில் மழையில் நடக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் அளவு இவள் காலிலிருந்துதான் வந்தது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் நடந்தாள்.

"நல்லா கீது மேடம்."

இரண்டாவதுக்கும் அதே பதில். மூன்றாவதுக்கும் அதே. மூன்றும் வெவ்வேறு அச்சில் செய்தவை. மூன்றும் ஒருத்தி காலுக்கு ஒரே மாதிரி இருக்க வழியில்லை. அவள் குனிந்து கழற்றும்போது பார்த்தேன். கணுக்காலில் காலுறை பிடித்திருந்த இடம் மாவில் கயிறு பதிந்ததுபோல் பள்ளமாக நின்றது. அது மேலே எழும்பவில்லை. என் பார்வையைக் கவனித்ததும் சட்டென்று சுடிதாரை இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் அவளைத் தனியாகப் பிடித்தேன். புதுவாயலில் அவள் வீட்டுக்கு அருகில் நல்ல மீன் குழம்பு கிடைக்கும் என்று யாரோ சொன்னதைச் சாக்காக வைத்து, கூட்டிப் போகிறாயா என்று கேட்டேன். ஷேர் ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. பெட்ரோல் இல்லை. ஓட்டுநர் கேனை எடுத்துக்கொண்டு நடந்தார். நெடுஞ்சாலையில் கொல்கத்தா லாரிகள் எங்களை ஆட்டிவிட்டுப் போயின. டென்மார்க்கில் எங்கள் ஊரில் பஸ் சற்றுத் தாமதமானாலும் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இறங்கி நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள்.

செலினும் உட்கார்ந்து காலை நீட்டினாள். காலுக்கு என்ன என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு, லாரிச் சத்தத்துக்கு நடுவே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"கிட்னில கம்ப்ளெய்ன்ட்டுக்கா. ஒரு வருசமா. காலைல எய்ந்தா கால் சரியா கீது. நின்னுக்கினே இருந்தா ஊதிக்கும். திருவள்ளூர் ஆஸ்பத்திரில மாத்திரை குடுக்கறாங்க."

"பூட்ஸ் போடும்போது வலிக்கலையா?"

"எல்லாமே வலிக்கும். எது பூட்ஸோட வலி, எது என் காலோட வலின்னு எனக்கே தெரில. நல்லா கீதுன்னு சொல்லிடுவேன்."

"பாஸ்கர் சாரிடம் சொல்லலாமே."

"சொன்னா முப்பத்தேழு போச்சுன்னு பசை செக்‌ஷனுக்கு அனுப்பிடுவாங்க. நான் அங்கதான் ஆறு வருசம் இருந்தேன். அந்த வாசனைல சாயந்தரம் ஆனா தலை வெடிக்கும், சோறு எறங்காது. கால் அளவு சரியா இருக்குன்னு இங்க கொணாந்தாங்க. எங்கம்மா காலம்பூரா அடுத்தவங்க சேத்துல நின்னாங்க. அவங்க காலும் இதே அளவுதான்."

எங்கள் கடைக்குத் திரும்பி வந்த பூட்ஸ் அத்தனையும் என் கண்முன் வந்தன. யாரும் ஏமாற்றவில்லை. வலியை வலி என்று சொல்ல ஒருத்திக்கு வழி இல்லாமல் போனதுதான் காரணம்.

மீன் குழம்பு கிடைத்தது. அவளுக்கு உப்பு ஆகாது என்பதால் வெறும் சோற்றில் தண்ணீர் விட்டுச் சாப்பிட்டாள். என் தட்டில் இருந்த மீனை அதன் பிறகு என்னால் முடிக்க முடியவில்லை.

அன்று பேசி ஒரு வழி கண்டோம். மறுநாள் வேலை தொடங்குவதற்கு முன்பே, கால் வீங்குமுன், அவள் மூன்றையும் போட்டுப் பார்ப்பது. காலையில் வந்தபோது அவள் கால் உண்மையிலேயே வேறு காலாக இருந்தது. எலும்புகள் தெரிந்தன. முதல் ஜோடியைப் போட்டதும் வேண்டாம் என்று தலையசைத்தாள். இரண்டாவது விரலை நெரித்தது. மூன்றாவது பழுப்பு நிறம், தக்கையால் ஆன அடிக்கட்டை, மேலே தோல் போர்த்தியது. அதைப் போட்டு இரண்டு முறை நடந்தாள்.

"இது நல்ல பூட்ஸுக்கா. மேல இந்தத் தையல் மட்டும் ஏறி உக்காருது. அத்த கொஞ்சம் தள்ளுனா போதும்."

போன குளிர்காலத்து வலி இருந்த அதே இடம். தையல் மாஸ்டரிடம் அவள் பெயரைச் சொல்லாமல், நானே கேட்பதுபோல் கேட்டு மாற்றச் சொன்னேன். புது மாதிரி தைக்க இரண்டு நாள் ஆகும் என்றார். அந்த ஒரு காலைவேளை மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் செலினுக்கு ஆஸ்பத்திரி நாள். எனக்கு வேலை இல்லை, நானும் வருகிறேன் என்றேன். அவள் மறுக்கவில்லை. பஸ் ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கினோம். இரண்டு பக்கமும் நெல் வயல்.

"இன்னா நைனா, எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கண்டக்டரிடம் கேட்டார் ஒரு பெரியவர். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நிலம் வைத்திருப்பவராம், மோட்டார் பழுது பார்க்க வந்தாராம். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த, கழித்துவிட்ட மாதிரி ஒன்றைக் காட்டி, அது என்ன என்றார். எடுத்துக் கொடுத்தேன். தோலை அழுத்திப் பார்த்தார்.

"இன்னா தோலு இது?"

"வெளியே மாடு, உள்ளே ஆடு."

திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு செலின் பக்கம் திரும்பினார்.

"நீ எந்த ஊரும்மா?"

"புதுவாயல்."

"புதுவாயல்ல எங்க?"

"கம்பெனில வேலை."

"அது சரி. ஊடு எங்க கீது?"

"கம்பெனிக்குப் பக்கத்துல."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தெரிந்துகொண்டுவிட்டார் என்று அவர் நகர்ந்து நின்றதில் தெரிந்தது. செலின் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிற்க வேண்டாம், உட்கார் என்றேன். "இங்கயா?" என்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

திருவள்ளூரில் ஆஸ்பத்திரிக்கு வெளியே மர நிழலில் காத்திருந்தேன். எங்கள் ஊர் மருத்துவமனைக் கூடத்தில் ஒருவர் இருமினால் மற்றவர் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்வார். இங்கே பக்கத்தில் இருந்த பெண் என்னிடம் மோர் பாட்டிலை நீட்டி, யாருக்கு உடம்பு என்று கேட்டாள். என்ன உறவு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. தங்கச்சிக்கு என்றேன்.

செலின் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கிட்னி வேலை செய்யறது ரொம்ப எறங்கிடுச்சாம். டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்னு சொல்றாங்க. நிக்கவே கூடாதாம்."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லணுமே."

"அவரு ரோலிங் மில்லுல நைட் ஷிப்ட். தூங்கி எய்ந்தப்புறம் சொல்றேன். இப்ப சொன்னா தூக்கம் கெடும், மிசின்ல கைய விட்டுக்குவாரு."

எதிரே இருந்த கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். அவளுக்கு இரண்டு இட்லி, சட்னி சாம்பார் எதுவும் இல்லாமல். ஒன்றைப் பாதி தின்றுவிட்டு, "இத்தோட ருசி இதுதான்னு இப்பதான் தெரியுது" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் நிற்கவே கூடாது என்ற சொல் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை நான் பாஸ்கரிடம் போனேன். நோயைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மாதிரி போட்டு நடக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் அந்தப் பெண் உட்கார ஒரு நாற்காலி போட்டால் நல்லது, எங்கள் நாட்டில் அப்படித்தான் வழக்கம் என்றேன். நல்லதுதான் செய்கிறேன் என்று நம்பினேன். அவர் என்னைக் கவனமாகப் பார்த்தார்.

"காலுல ஏதாவது பிரச்சினையா மேடம்?"

நான் தயங்கினேன். அந்தத் தயக்கமே போதுமானதாக இருந்தது.

மதியத்துக்குள் செலினைக் கூப்பிட்டு, காலைக் காட்டச் சொல்லி, பார்த்துவிட்டார்கள். பாஸ்கர் என்னிடம் வந்து உண்மையான நன்றியோடு சொன்னார். "நல்லவேளை சொன்னீங்க மேடம். தப்பான கால வெச்சுக்கினு ஆர்டர் எடுத்தா நம்ம பேரு போயிடும். வேலைய உட்டு எடுக்கல. பசை செக்‌ஷன்ல போட்டிருக்கோம். அங்க உக்காந்து செய்யற வேலைதான். நீங்க கேட்ட மாதிரி நாற்காலி இருக்கு."

செலின் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அருகில் போனேன்.

"உங்கள யாருக்கா கேக்கச் சொன்னது?"

"நாற்காலி மட்டும்தான் கேட்டேன் செலின்."

"நான் கேட்டனா?" முகத்தைத் துடைத்தாள். "ஒரு வருசமா மூச்சு உடாம இருந்தேன். நீங்க வந்து அஞ்சு நாளு ஆவல."

பாஸ்கரிடம் மறுபடி பேசுகிறேன், ஆர்டரே கொடுக்க மாட்டேன் என்று சொல்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை.

"ஆர்டர் குடுக்கலன்னா மொத்த செக்‌ஷனும் ஊட்டுக்குப் போவும். போதும்கா. நீங்க பேசறத நிறுத்துங்க."

அன்று மாலை லாட்ஜ் அறையில் ஜன்னலைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே ஷிப்ட் முடிந்த கூட்டம் தெருவை நிறைத்துக்கொண்டு போயிற்று. எங்கள் ஊரில் ஆண்டில் பாதி நாள் யாருடைய பாதமும் யார் கண்ணிலும் படாது. இங்கே எல்லாப் பாதமும் தெரிகிறது. வெடித்தது, தீய்ந்தது, நகம் போனது. இத்தனை நாள் கால்களைப் பார்த்தே பிழைத்தவள் நான். ஒரு காலுக்கு என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

கடைசி நாள். தையல் தள்ளிய புது மாதிரி காலையிலேயே வந்திருக்க வேண்டும். மின்சாரம் போய், ஜிப் தைக்கும் இயந்திரம் நின்று, மதியம் மூன்று மணி ஆயிற்று. செலினுக்குப் பதிலாக முப்பத்தேழு அளவுக் கால் இன்னும் கிடைத்திருக்கவில்லை. பாஸ்கர் தையல் பிரிவில் இரண்டு பெண்களை வரவழைத்து அளந்து பார்த்தார். ஒருத்திக்கு முப்பத்தாறு, ஒருத்திக்கு அகலம். எனக்கு அன்றே சென்னை போய் விமானம் ஏற வேண்டும். கடைசியில் அவரே பசைப் பிரிவுக்கு ஆள் அனுப்பினார்.

செலின் வந்தாள். அவள் மேல் பசை வாடை அடித்தது. கண்கள் சிவந்திருந்தன. கால் அந்நேரத்துக்கு நன்றாக வீங்கியிருந்தது. வேண்டாம், நான் விமானத்தைத் தள்ளிப் போடுகிறேன் என்றேன். அவள் என்னைப் பார்க்காமலே உட்கார்ந்து, பவுடரைக் கொட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு காலையும் நுழைத்தாள். ஜிப்பை இரண்டு கையாலும் இழுத்தாள். எழுந்து நடந்தாள்.

பாஸ்கரும், தையல் மாஸ்டரும், நானும் நின்றோம். அவள் அறையின் கோடிவரை போய்த் திரும்பி வந்து, பாஸ்கருக்கு நேரே நின்று பேசத் தொடங்கினாள்.

"மேல தையல் இப்ப இடிக்கல. என் காலு ஊதியிருந்தும் இடிக்கல. அது சரி. வலது கால் சுண்டு விரல்கிட்ட உள்தோலு மடிஞ்சிருக்குது, அத்த இழுத்து ஒட்டணும். குதிகால்கிட்ட அட்டை ரொம்ப விறைப்பு. புதுசா வாங்கறவங்களுக்கு அங்க கொப்புளம் வரும். ஜிப்புக்குப் பின்னாடி மடிப்பு இன்னும் அரை வெரல் வேணும்." மூச்சு வாங்கினாள். "போன வருசம் போன பூட்ஸும் வலிச்சுது சார். அப்ப சொல்லல. இப்ப சொல்றேன்."

பாஸ்கர் தரையைப் பார்த்தார். மாஸ்டர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, தன் உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.

அவள் கழற்ற உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. இடது கால் ஜிப் இறங்கவில்லை. நான் மண்டியிட்டு இழுத்தேன். மாஸ்டர் மெழுகு தேய்த்து இழுத்தார். தோலுக்குள் கால் இறுகிப்போயிருந்தது. செலினின் நெற்றியில் வேர்த்தது. அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கிழிச்சிடலாம்" என்றேன்.

"ஒரே சாம்பிள் மேடம்" என்றார் பாஸ்கர். பிறகு அவரே கத்தியை எடுத்து வரச் சொன்னார்.

தைத்ததை அறுக்க மாஸ்டருக்கு மனம் வரவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். செலின் குனிந்து விரலால் காட்டினாள்.

"தையல்ல போடுங்கக்கா. தோல்ல போடாதீங்க. அளவு கெட்டுடும்."

ஒவ்வொரு தையலாக அறுத்தேன். இவ்வளவு நன்றாகச் செய்த பூட்ஸை நான் பார்த்ததில்லை, நூல் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி இழை அறுந்ததும் தோல் இரண்டு பக்கமும் இதழ்போல் விரிந்து விழுந்தது. அவள் பாதத்தின் மேல் பூட்ஸின் கோடுகள் அத்தனையும் பதிந்திருந்தன. ஜிப்பின் பல், உள்தோலின் மடிப்பு, குதிகால் அட்டையின் வளைவு எல்லாம்.

"அசையாம இரும்மா" என்றார் பாஸ்கர். குனிந்து, கைப்பேசியில் அந்தக் காலை நான்கு பக்கமும் படம் எடுத்தார். எங்கே அழுத்துகிறது என்று இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது என்றார். அது உண்மைதான். செலின் அவர் முடிக்கும்வரை அசையாமல் இருந்தாள். பிறகு செருப்பைப் போட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. கையில் எடுத்துக்கொண்டாள்.

"போய்ட்டு வரேன்" என்றேன்.

அவள் சரி என்பதுபோல் தலையசைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு பசைப் பிரிவை நோக்கி நடந்தாள்.

பழுப்பு வெட்ஜையே ஆர்டர் செய்தேன். இரயில் மீஞ்சூரைத் தாண்டும்போது இங்கெர் அழைத்தாள். தோல், தையல், விலை எதையும் கேட்கவில்லை. காலுக்குச் சுகமாக இருக்குமா என்று மட்டும் கேட்டாள்.

இருக்கும் என்றேன்.